இடமில்லை என்று சொல்லும் உரிமை

‘இதுக்கு மேல தாங்காது’ என்கிறார்கள். பெருங்களத்தூரிலிருந்து செங்கல்பட்டு வரை ஜி.எஸ்.டி. சாலையின் இரு பக்கமும் இருக்கிற குடியிருப்போர் நலச் சங்கங்கள் எழுதும் மனுக்களில் இந்தக் குரல்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறது. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரிப் பக்கம் இந்தக் குரல் இன்னும் உரத்துவிட்டது. சாலை தாங்காது, நிலத்தடி நீர் தாங்காது, கழிவுநீர் போக வழியில்லை. இதில் இன்னும் அடுக்குமாடி, இன்னும் மனைப்பிரிவு என்று அனுமதி கொடுத்துக்கொண்டே போனால் ஏற்கெனவே இருக்கிற நாங்கள் என்ன ஆவது?

இதில் பொய் ஒன்றும் இல்லை. மாலை ஆறு மணிக்கு அந்தச் சாலையைக் கடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஏரிக்குத் தண்ணீர் வரும் கால்வாயை மண்ணடித்து மனை போட்டால் மழைக்காலத்தில் தண்ணீர் வீட்டுக்குள்தான் வரும். ஆகவே குறையை மறுப்பது நம் வேலையில்லை. நம்முடைய கேள்வி வேறு. ‘இனி இங்கு யாருக்கும் இடமில்லை’ என்று சொல்லும் உரிமை ஒருவருக்கு எங்கிருந்து வருகிறது? காசு கொடுத்து வாங்கியதிலிருந்தா? முதலில் வந்ததிலிருந்தா? போக்குவரத்துப் போலீசோ சி.எம்.டி.ஏ.வோ தீர்த்து வைக்கக்கூடிய கேள்வி இல்லை இது. அறம் சம்பந்தப்பட்ட கேள்வி.

சங்கத்துக்காரர்களிடம் பேசிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். ‘நாங்க வந்து இருவது வருஷமாச்சு சார். அப்ப இங்க ஒண்ணுமே கெடையாது. வெறும் பொட்டக்காடு.’ இந்த ‘ஒண்ணுமே கெடையாது’ என்பதைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். அங்கே சேரி இருந்தது. சேரிக்குப் போகிற வண்டிப்பாதை இருந்தது. களம் இருந்தது, மேய்க்கால் புறம்போக்கு இருந்தது, சுடுகாடு இருந்தது, பிணம் எடுத்துப் போகிற வழி இருந்தது. இத்தனையும் இருந்த இடத்தில் நின்றுகொண்டு நல்ல மனிதர் ஒருவர், யாருக்கும் தீங்கு நினைக்காதவர், ‘ஒண்ணுமே கெடையாது’ என்று மனதாரச் சொல்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். கண்ணில் படாதபடிக்குத்தானே சேரியை ஊருக்கு வெளியே வைத்தார்கள்.

முதலில் வந்தவனுக்கே உரிமை என்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. இதே செங்கல்பட்டுச் சீமையில் அதற்கு மிராசு என்று பெயர். கிராமத்து நிலத்தில் பரம்பரைப் பாத்தியதை கொண்டவர் மிராசுதார். தரிசாகக் கிடக்கிற நிலத்தைக் கேட்டு ஒரு பறையர் தர்க்காஸ்து போட்டால், அந்த நிலத்தின் மேல் முன்னுரிமை மிராசுதாருக்கே உண்டு. அவர் பயிரிடாமல் போட்டு வைத்திருந்த நிலம்தான். ஆனால் இன்னொருவன் கேட்டதும் அது அவருக்குத் தேவைப்பட்டுவிடும். சேரி மனைகூட மிராசுதாரின் பிடியில்தான் இருந்தது. கூலியில் தகராறு என்றால் ‘கூரையப் பிரிச்சிக்கிட்டுப் போடா’ என்பதோடு முடிந்துவிடும். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரமென்ஹீர் 1891இல் இந்த ஜில்லாப் பறையர்களின் நிலைமை பற்றி எழுதிய அறிக்கையில் இந்த மனைப் பிரச்சினைக்கும் தரிசுப் பிரச்சினைக்கும் முக்கிய இடம் உண்டு. அதைத் தொடர்ந்து 1892இல் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் இன்றும் பேசிக்கொண்டிருப்பது அதன்படி ஒதுக்கப்பட்ட நிலத்தைத்தான்.

இங்கே ஒன்று விளங்க வேண்டும். தலைமுறை தலைமுறையாக அந்த நிலத்தில் சேறு மிதித்தவன், ஏரிக்கரை உடைந்தால் ராத்திரியில் ஓடிப்போய் அடைத்தவன், மிராசுதாருக்குப் பிற்பாடு வந்தவன் இல்லை. அப்படியிருந்தும் அவனுக்கு மிராசு கிடையாது. எனவே ‘முதலில் வந்தவன்’ என்பதெல்லாம் வெறும் பேச்சு. மற்றவனை மறிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவன் தன்னை முதலில் வந்தவன் என்று அழைத்துக்கொள்கிறான். வரலாறு அந்த வரிசையில்தான் எழுதப்படுகிறது. 2005இல் மனை வாங்கியவர் பூர்வகுடி ஆகிவிடுகிறார். எட்டுத் தலைமுறையாக அங்கேயே கிடக்கிறவன், புதுத் தெரு வழியாக வேலைக்குப் போகும்போது, ‘யாருப்பா நீ, எந்த வீட்டுக்கு?’ என்று காவலாளி கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியிருக்கிறது.

பஞ்சமி நிலத்தின் கதையை இந்த இதழின் வாசகர்களுக்கு விரித்துச் சொல்லத் தேவையில்லை. காரணை நிலத்தை மீட்டுத் தரச் சொல்லிச் செங்கல்பட்டில் திரண்ட மக்கள் மீது 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள். இடம் கேட்டதற்கு இந்த மாவட்டம் கொடுத்த பதில் அது. இன்று அதே மாவட்டத்தில், இடம் நிரம்பிவிட்டது என்று வேறு சிலர் மனு எழுதுகிறார்கள்.

நெரிசல் என்ற சொல்லைப் பாருங்கள். சேரியில் ஒரு நத்தம் மனையில் அப்பன் கட்டிய வீட்டை மூன்று மகன்கள் தடுத்துத் தடுத்துக் குடியிருப்பதும், பட்டா கேட்டு மனுப்போட்டே ஒரு தலைமுறை தேய்ந்துபோவதும் நாம் பார்த்ததுதான். சனம் பெருகியது, நத்தத்தின் எல்லை பெருகவில்லை. சுற்றிலும் பட்டா நிலம், அது இப்போது மனைப்பிரிவு. இதற்கு நெரிசல் என்று யாரும் பெயர் வைக்கவில்லை. ‘அவங்க அப்படித்தான் இருப்பாங்க’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். கார்கள் அரை மணி நேரம் நகராமல் நின்றால் அது பொதுப் பிரச்சினை. ஐந்து பேர் ஒரே அறையில் ஒருக்களித்துப் படுத்தால் அது அந்தச் சாதியின் பழக்கவழக்கம்.

சாலையிலும் இதுதான் கதை. மனைப்பிரிவுகளுக்குப் போகிற தண்ணீர் லாரியும் ஜல்லி லாரியும் சேரியை ஒட்டிய கிராமச் சாலையில்தான் போகின்றன. பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளை அடிபட்டால் சனம் ரோட்டில் உட்காரும். கேட்பது ஒரு வேகத்தடை. அதற்குப் பெயர் சாலை மறியல், அதற்கு வழக்கு உண்டு. அதே வேகத்தடையைச் சங்கம் கேட்டால் அதற்குப் பெயர் கோரிக்கை மனு, அதற்குச் செய்தித்தாளில் ஒரு பத்தி உண்டு. கேட்கிற பொருள் ஒன்றுதான். யார் கேட்டால் எது நெரிசல், எது கலவரம் என்று தீர்மானிக்கிற இடத்தில் சாதி உட்கார்ந்திருக்கிறது. அது பெயர் சொல்லிக்கொண்டு வருவதில்லை, ‘சுகாதாரம்’, ‘பாதுகாப்பு’, ‘டிராபிக்’ என்று வருகிறது. (பெயர் என்றதும் நினைவுக்கு வருகிறது: ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். நல்லதுதான். பக்கத்து மனைப்பிரிவுக்கு ‘கார்டன்’, ‘அவென்யூ’, ‘என்க்ளேவ்’ என்று பெயர் வைக்க எந்த அரசாணையும் தேவைப்படவில்லை.)

அடுத்து வருவது சுவர். மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 அதிகாலை, மழையில் ஒரு வீட்டின் சுற்றுச்சுவர் இடிந்து அருந்ததியர் வீடுகள் மேல் விழுந்து 17 பேர் செத்தார்கள். தூங்கிக்கொண்டிருந்தவர்கள். வீட்டுக்குச் சுவர் எழுப்புவது சொத்துரிமை என்று சட்டம் சொல்லும். ஆனால் அவ்வளவு உயரச் சுவர் யாரைப் பார்க்காமலிருக்க எழுப்பப்பட்டது என்ற கேள்வி சட்டத்துக்குள் வராது. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் ஊரே சேர்ந்து எழுப்பிய சுவரின் ஒரு பகுதி 2008 மே மாதம் இடிக்கப்பட்டபோது அதைத் தீண்டாமைச் சுவர் என்று ஊருலகமே ஒப்புக்கொண்டது. தனி ஆள் தன் பத்திரத்தில் உள்ள இடத்தில் எழுப்பும் சுவருக்கு அந்தப் பெயர் அவ்வளவு சுலபத்தில் ஒட்டுவதில்லை. புதிய குடியிருப்புகளின் அறச்சிக்கலே இதில் இருக்கிறது. பழைய ஊர் தன்னை ஊர் என்று சொல்லிக்கொண்டு நம்மை விலக்கியது. அதன் முகம் தெரிந்தது. இங்கே விலக்குகிறவர் ‘நான் யாரையும் விலக்கவில்லையே, என் வீட்டைத்தானே பார்த்துக்கொள்கிறேன்’ என்கிறார்.

1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கிராமத்தை ஆட்சியின் அலகாக ஏற்க மறுத்துப் பேசினார். தனிமனிதரையே அலகாகக் கொண்டதற்காக மகிழ்ச்சி தெரிவித்தார். கிராமத்தை விட்டு வெளியேறுவதில் நமக்கு விடுதலை உண்டு என்று நம்பி வந்த நாம், நகரம் நம்மைத் தேடி வந்தபோது சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நகரம் வந்தது உண்மை. பஸ் வந்தது, கம்பெனி வந்தது, பண்ணையாள் வேலை ஒழிந்தது. இவையெல்லாம் சின்ன விஷயமில்லை, பழைய கிராமம் போச்சே என்று அழுகிறவர்களோடு சேர்ந்து அழ நம்மிடம் கண்ணீர் இல்லை. ஆனால் வந்த நகரம் தனக்குள் ஒரு ஊரைக் கட்டிக்கொண்டது, அதற்கு வெளியே ஒரு சேரியையும்.

அந்தச் சேரியை அரசே கட்டிக்கொடுத்தது. துரைப்பாக்கம் கண்ணகி நகர் 2000இல் தொடங்கியது. பிறகு செம்மஞ்சேரி, பிறகு பெரும்பாக்கம். கூவம், அடையாறு கரைகளில் இருந்தவர்களை ஊருக்கு இருபது இருபத்தைந்து கிலோமீட்டர் வெளியே கொண்டுபோய் அடுக்கினார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு ‘ஆற்றோரம் ஆபத்து’ என்று சொல்லி அப்புறப்படுத்திய குடும்பங்களைக் குடிவைத்த பெரும்பாக்கம், பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய தாழ்வான நிலம். அதே ஆற்றோரத்திலும் அதே சதுப்பிலும் எழுந்த பெரிய கட்டடங்கள் அப்படியே நிற்கின்றன. ‘இந்த நிலம் தாங்காது’ என்ற வாதம் சரியானதாக இருக்கும்போதும்கூட அதை யார் மீது முதலில் செலுத்துகிறோம் என்பதில் அறம் தோற்றுவிடுகிறது. கண்ணகி நகர் என்று முகவரி சொன்னால் வேலை தர யோசிக்கிறார்கள் என்பது அங்குள்ள பிள்ளைகள் வருடக்கணக்காகச் சொல்லிவருவது. வேறு இடத்திலிருந்து பிடுங்கி இங்கே நட்டார்கள். இங்கே இருப்பவர்கள் ‘எங்க ஏரியா கெட்டுப்போச்சு’ என்கிறார்கள். அந்தச் சனம் எந்த மனுவில் கையெழுத்துப் போடும்?

இனிச் சொல்லப்போவது நமக்குள் பேசவேண்டியது. இந்த மனைப்பிரிவுகளில் நம்மவர்களும் இருக்கிறார்கள். ரயில்வேயில், வங்கியில், பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து, கடன் வாங்கி, அரை கிரவுண்டு முக்கால் கிரவுண்டு வாங்கி வீடு கட்டியவர்கள். அதைக் குறை சொல்ல யாருக்கும் யோக்கியதை இல்லை. சேரியிலேயே கிடந்து சாக வேண்டும் என்று எந்தத் தத்துவம் சொல்கிறது? அவர்களுக்கும் அங்கே சும்மா விடுவதில்லை. ‘சொந்த ஊரு எது சார்? அதுல எந்தப் பக்கம்?’ என்று ஆரம்பித்து ‘நீங்க வெஜ்ஜா?’ என்பதில் முடிகிற விசாரணை அவர்களுக்குப் பழகிப்போயிருக்கும். ஆனால் அந்த நம்மவர் முன்னால் சங்கத்து மனு வரும். ‘காலனிப் பசங்க நம்ம தெருவுல பைக்ல சுத்துறானுங்க, அந்த வழிய அடைக்கணும், நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்க சார்.’ போட்டால் அவரும் குடியிருப்போரில் ஒருவர். போடாவிட்டால் எந்தப் பக்கத்துக்காரர் என்பது தெரிந்துவிடும். பேனாவைக் கையில் பிடித்திருக்கும் அந்த ஒரு நிமிஷத்தில் அவர் படுகிற பாட்டைப் பற்றி நம் கதைகள் இன்னும் போதிய அளவு எழுதவில்லை என்றே நினைக்கிறேன். பயந்து போடுகிறவரை எனக்குப் புரிகிறது. நிஜமாகவே அந்தப் பசங்கள் தொல்லை என்று நம்பிப் போடுகிறவரிடம்தான் பேச வேண்டியிருக்கிறது. அவரிடம் கேட்க வேண்டியது இதுதான்: நெரிசல் என்று சொல்கிறீர்களே, அந்த நெரிசலில் உங்கள் காரும் ஒன்றா இல்லையா? கூட்டத்தில் தன்னையும் ஒரு தலையாக எண்ணிக்கொண்டு குறை சொல்கிறவன் எல்லோருக்குமான சாலையைக் கேட்பான். தன்னைக் கழித்துவிட்டு எண்ணுகிறவன் சுவர் கேட்பான்.

அதே கேள்வி சேரிக்கும் உண்டு. கட்டட வேலைக்கு வந்து தகரக் கொட்டகையில் இருக்கிற ஒடிசாக்காரனையும் பீகார்க்காரனையும் பார்த்து ‘இவனுங்க வந்துதான் எல்லாம் நாசமாச்சு’ என்று நம் தெருவிலும் பேசுகிறார்கள். மிராசு மனசு தொற்றிக்கொள்ளக்கூடியது.

காரியமாகச் சில விஷயங்கள் உண்டு. 2019ஆம் ஆண்டு தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் 10 விழுக்காடு பொருளாதாரத்தில் நலிந்தவர்களுக்கான மனைகளாக இருக்க வேண்டும். பெரிய மனைப்பிரிவுகளில் பூங்காவுக்கும் 10 விழுக்காடு விட்டாக வேண்டும். பூங்காவைச் சங்கங்கள் விடாமல் கேட்டு வாங்குகின்றன. சிறு மனைகள் எங்கே போயின, யார் பெயரில் பதிவாயின என்று எந்தச் சங்கமும் கேட்டு நான் பார்த்ததில்லை. கிராம வரைபடத்தில் இருக்கிற வண்டிப்பாதையும் சுடுகாட்டுப் பாதையும் மனைப்பிரிவு வரைபடத்தில் எங்கே காணாமல் போயின என்பதும் கேட்கப்பட வேண்டியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் மழைநீர்க் கால்வாய், சிக்னல், சி.சி.டி.வி. எல்லாம் பேசி முடித்த பிறகு நம்மவர் எழுந்து இந்த இரண்டையும் கேட்கலாம். ‘சார், அது வேற சப்ஜெக்ட்’ என்பார்கள். இல்லை, இதே சப்ஜெக்ட்தான், தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு, எழுதி முடிக்கும்வரை உட்காராமல் நிற்கலாம்.