இறந்தோர் வாக்கும் இருப்போர் வயிறும்

கொடுத்தவர் மறைந்துவிட்டார். கொடுத்த நாளில் அவர் இட்ட கட்டளை மட்டும் மறையவில்லை. பெற்றவர் இருக்கிறார், ஆனால் வறுமையில் வாடுகிறார். பெற்ற பொருளை விற்றால் வறுமை தீரும். விற்றாலோ, தந்த வாக்குப் பொய்க்கும். விற்கலாமா? கூடாதா?

பட்டிமன்றத்துக்கென்று புனைந்த சிக்கல் என்று எண்ணிவிடாதீர்கள். அமெரிக்க நாட்டின் டென்னசி மாநிலத்தில், நாஷ்வில் நகரத்தில், 2005 தொடங்கி 2012 வரை நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கிய வழக்கு இது. வழக்குக்குரிய பொருள், ஒரு பல்கலைக் கழகக் கலைக்கூடத்தின் ஓவியங்கள். அவற்றைப் பெற்றிருந்தது, கருப்பின மக்களின் கல்விக்கென்றே எழுந்த பிஸ்க் பல்கலைக் கழகம். பிறப்பைக் காட்டிக் கல்வியை மறுக்கும் கொடுமை இன்னதென்று அறிந்தவர்கள் நாம். ஆகவே, கடல் கடந்த இந்த வழக்கைக் கதைபோலக் கேட்டுவிட்டுப் போக நமக்கு மனம் வராது.

பிஸ்க் 1866இல் பிறந்தது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் உள்நாட்டுப் போர் ஓய்ந்து, அடிமை முறை சட்டப்படி ஒழிந்திருந்தது. அதுவரை தென் மாநிலங்கள் பலவற்றில் அடிமைக்கு எழுத்தறிவிப்பதே தண்டனைக்குரிய குற்றம்! மறை ஓதக் கேட்ட செவியில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்று என்று எழுதி வைத்த நாட்டில் பிறந்த நமக்கு இதைக் கேட்டு வியப்பு வராது; வேதனைதான் வரும். போர்க்காலத்துக் கொட்டகைகளில் வகுப்புகள் நடந்தன. ஏழு வயதுச் சிறுவரும் வந்தனர். எழுபது வயது முதியவரும் வந்தனர். அந்தக் கொட்டகையிலே தொடங்கிய கல்விக்கூடத்திலிருந்துதான் 1888இல் டுபாய்ஸ் என்னும் பேரறிஞர் பட்டம் பெற்று வெளிவந்தார்.

அத்தகைய இடத்துக்கு 1949இல் ஒரு கொடை வந்து சேர்ந்தது. நியூயார்க்கின் புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞரும், புதுமை ஓவியர்களுக்குப் புகலிடமாக விளங்கியவருமான ஆல்பிரட் ஸ்டீக்லிட்ஸ் 1946இல் காலமானார். அவருடைய துணைவியார் ஜார்ஜியா ஒக்கீஃப், தாமே பெரும் ஓவியர். கணவர் திரட்டி வைத்த கலைச் செல்வத்தை அவர் பங்கிட்டார். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலைக்கூடத்துக்கு ஒரு பங்கு. சிகாகோவுக்கு ஒரு பங்கு. வாஷிங்டனில் உள்ள தேசியக் கலைக்கூடத்துக்கு ஒரு பங்கு. கோடீசுவரர்கள் கட்டிக் காக்கும் இந்த மாடமாளிகைகளின் வரிசையிலே, நாஷ்வில் நகரத்துக் கருப்பினக் கல்லூரிக்கும் ஒரு பங்கு! கார்ல் வான் வெக்டன் என்னும் எழுத்தாளர் சொன்ன யோசனை அது. பிஸ்கின் முதல் கருப்பினத் தலைவரான சார்லஸ் ஜான்சன் அதை ஏற்றார். பழைய உடற்பயிற்சிக்கூடம் கலைக்கூடமாக மாற்றப்பட்டது. 101 படைப்புகள் அங்கே அணிவகுத்தன. செசான், ரெனுவார், பிக்காசோ ஆகியோரின் ஆக்கங்கள். அவற்றின் பக்கத்திலே அமெரிக்கப் புதுமை ஓவியங்கள். அவற்றுக்குச் சற்றும் தாழாமல் ஆப்பிரிக்கச் சிற்பங்கள்.

கொடையோடு கட்டளையும் வந்தது. விற்கக் கூடாது, மாற்றிக்கொள்ளக் கூடாது, பிரிக்காமல் ஒன்றாகவே காட்சிக்கு வைக்க வேண்டும். சுவரின் வண்ணத்தைக் கூட அம்மையார் விட்டுவைக்கவில்லை. அது வெண்மையாக இருக்க வேண்டுமாம்!

அந்த நாளைய நாஷ்வில் எப்படி இருந்தது? கடைவீதியில் கருப்பர் பணம் கொடுத்துத் துணி வாங்கலாம். அதே கடையின் உணவு மேசையில் அமர்ந்து ஒரு கோப்பைக் காப்பி அருந்த முடியாது. 1960இல் மாணவர்கள் அந்த மேசைகளில் போய் அமர்ந்து, அடி வாங்கி, சிறை சென்று, அதன் பிறகே அந்தத் தடை உடைந்தது. பிஸ்க் மாணவர்கள் அந்தக் கிளர்ச்சியின் முன்னணியில் நின்றார்கள். அத்தகைய நகரத்தில், அதற்குப் பதினோர் ஆண்டுகளுக்கு முன்பே, வெள்ளையரும் கருப்பரும் ஒரே வாயிலில் நுழைந்து ஒரே சுவரின் முன் நின்று செசானைப் பார்க்கலாம் என்ற நிலையை அந்தப் பழைய உடற்பயிற்சிக்கூடம் உண்டாக்கிவிட்டது.

'நிலைத்த தொகுப்பு' என்று கலைக்கூடத்தார் சொல்வார்களே, அந்தச் சொல்லின் கனம் இங்கேதான் தெரிகிறது. வந்து போகும் கண்காட்சி விருந்தினர் போன்றது. இரவல் நகை போன்றது. நிலைத்த தொகுப்போ, வீட்டுக்குரியது. பாட்டனையும் பாட்டியையும் ஏலத்தில் கூவி விற்ற சமுதாயம் அது. எவருடைய சொத்துப் பட்டியலிலோ மாடுகளுக்கும் வண்டிகளுக்கும் நடுவே பெயர் எழுதப்பட்டிருந்த மக்கள் அவர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் கையில், உலகம் போற்றும் ஓவியங்களை ஒப்படைத்து, 'இவை உங்களுடையவை. என்றென்றும் உங்களுடையவை' என்று சொன்னது அந்தக் கொடை. அதன் விலையை டாலர் கணக்கில் மட்டும் போட முடியுமா?

ஆனால் டாலர் கணக்கும் வந்து கதவைத் தட்டியது. ஓவியங்கள் சோறு கேட்பதில்லைதான். குளிர்ச்சி கேட்கின்றன, காவல் கேட்கின்றன, பழுது பார்ப்போரைக் கேட்கின்றன. அந்தச் செலவு முழுவதும் பெற்றவர் தலையில் விழுந்தது. பல்கலைக் கழகத்தின் கருவூலமோ வற்றிக்கொண்டே போயிற்று. 2005இல் நிருவாகத்தினர் இரண்டு ஓவியங்களை விற்க நீதிமன்றத்தின் அனுமதியை நாடினர். ஒன்று மார்ஸ்டன் ஹார்ட்லி தீட்டியது. மற்றொன்று ஒக்கீஃப் அம்மையாரே 1927இல் தீட்டிய 'ரேடியேட்டர் கட்டடம்': நியூயார்க்கின் இரவு, கன்னங்கரிய வானளாவி ஒன்று, சாளரங்களில் வெண்ணிற ஒளி, இடப்புறத்தில் செந்நிற விளக்கெழுத்துகளில் கணவர் ஸ்டீக்லிட்சின் பெயர்! கணவர் பெயரை ஒளிவிளக்காக்கி எழுதிய அந்த ஓவியத்தையே முதலில் ஏலச் சந்தைக்கு அனுப்ப நேர்ந்தது.

அம்மையார் 1986இலேயே மறைந்துவிட்டார். அவர் பெயரால் சாந்தா ஃபே நகரில் இயங்கும் அருங்காட்சியகம் வழக்கில் நுழைந்தது; பிறகு, ரேடியேட்டர் கட்டடத்தை 70 இலட்சம் டாலருக்குத் தானே வாங்கிக்கொள்ள உடன்பாடு பேசியது. கட்டளையைக் காக்க வந்தவர் வாங்குபவராக மாறியதை என்னென்பது! அந்த உடன்பாட்டை நீதிமன்றம் ஏற்கவில்லை. அடுத்து வந்தார் ஆலிஸ் வால்ட்டன், வால்மார்ட் கடைகளின் வாரிசுகளுள் ஒருவர். ஆர்க்கன்சா மாநிலத்துப் பென்டன்வில்லில் அவர் எழுப்பிய கிறிஸ்டல் பிரிட்ஜஸ் அருங்காட்சியகத்துக்காக, தொகுப்பில் பாதி உரிமைக்கு மூன்று கோடி டாலர் தருவதாகச் சொன்னார். மாநிலத் தலைமை வழக்கறிஞர் எதிர்த்தார். கொடை பொதுமக்களுக்கு உரியது, நாஷ்வில்லை விட்டுப் போகலாகாது என்பது அவர் வாதம். பணம் வராவிட்டால் கல்லூரியே கதவடைக்க நேரும் என்பது பல்கலைக் கழகத்தின் வாதம்.

இங்கே நம்மை நாமே குறுக்கு விசாரணை செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

கோயில் நிலவறையில் பொன் உறங்க, குழந்தைகள் மரத்தடியில் படிப்பதா என்று கேட்டவர்கள் நாம். இறந்து நூறாண்டான ஒருவர் எழுதி வைத்த சாசனத்தைக் காட்டி, வாழ்கின்ற ஆயிரம் பேரைப் பட்டினி போடலாமா என்று கேட்டவர்கள் நாம். எந்த எழுத்தும் எக்காலத்துக்கும் மாறாதது அன்று. மனிதனுக்காகத்தான் விதி, விதிக்காக மனிதன் அல்லன் என்று மேடைதோறும் முழங்கியவர்கள் நாம். அப்படியிருக்க, 'ஓவியத்தை விற்காதே, ஒப்பந்தத்தை மீறாதே' என்று ஓர் ஏழைக் கல்லூரியைப் பார்த்துச் சொல்ல நமக்கு வாய் ஏது? நேற்றுவரை சிலையின் கழுத்துப் பொன்னைக் கேட்டவன், இன்று சுவரின் ஓவியத்துக்கு வேலி கட்டுவதா?

நெடுநாள் என்னை உறுத்திய கேள்வி இது. விடை தேடியபோது ஒன்று புலப்பட்டது. நிலவறைப் பொன்னை நாம் எதிர்த்தது அது பழையது என்பதற்காக அன்று. அது பூட்டப்பட்டிருந்தது என்பதற்காக. அந்தப் பூட்டைச் சுற்றி ஒரு கூட்டம் உயர்ந்தது, மற்றொரு கூட்டம் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டது. பிஸ்கின் ஓவியமோ, வாயிலுக்கு வெளியே நின்றவனை உள்ளே அழைத்தது. பொருளின் பழமையையும் புனிதத்தையும் நான் பார்க்கவில்லை. அது எவனுக்குக் கதவைத் திறக்கிறது, எவன் முகத்தில் கதவைச் சாத்துகிறது என்பதையே பார்க்கிறேன். அந்த அளவுகோலால் அளந்தால், ஏலத்தில் எவனோ ஒரு செல்வன் எடுத்துப்போய்த் தன் படுக்கையறையில் மாட்டிக்கொள்ளும் விற்பனை தீங்கு. பொதுமக்கள் கட்டணமின்றி நுழையும் மற்றொரு கூடத்தோடு பங்கிட்டுக்கொள்வது, வருத்தத்துக்குரியதாயினும், தீங்கு என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

ஆயினும் என் சினம் தணியவில்லை. ஏன் தெரியுமா? இந்தத் தேர்வு எவன் முன் வைக்கப்படுகிறது என்று பாருங்கள். அண்ணா 1968இல் அழைக்கப்பெற்றுச் சென்ற ஏல் பல்கலைக் கழகத்தில் 1832 முதல் ஒரு கலைக்கூடம் இருக்கிறது. அதன் தொடக்கமே சுவையான செய்தி: ஜான் டிரம்புல் என்னும் முதிய ஓவியர் தம் ஓவியங்களை அங்கே ஒப்படைத்து, பதிலுக்கு ஆண்டுதோறும் ஆயிரம் டாலர் பெற ஏற்பாடு செய்துகொண்டார். ஓவியத்தைக் கொடுத்துச் சோற்றுக்கு வழி தேடிய கலைஞரின் மேல்தான் அந்தப் பெருமைமிகு கூடம் எழுந்தது! இன்று அந்தச் செல்வப் பல்கலைக் கழகத்திடம் சென்று, 'மாணவருக்குப் பாடம் வேண்டுமா, சுவரில் படம் வேண்டுமா, இரண்டிலொன்று சொல்' என்று கேட்பார் உண்டா? இரண்டும் வேண்டும் என்பது அங்கே இயல்பு. பிஸ்க் அதையே கேட்டால் பேராசை!

கலைக்கூடத் தலைவர்களின் சங்கம் வகுத்த ஒழுக்க விதி ஒன்று உண்டு. தொகுப்பிலிருந்து ஒன்றை விற்றால், அந்தப் பணத்தைக் கொண்டு வேறொரு கலைப்பொருளைத்தான் வாங்கலாம் என்று 2022 வரை அது சொன்னது. மின்கட்டணம் கட்டலாகாது, சம்பளம் கொடுக்கலாகாது. நல்ல விதிதான். இல்லையேல் ஒவ்வொரு நிருவாகியும் பற்றாக்குறை வந்தபோதெல்லாம் சுவரை அண்ணாந்து பார்ப்பான். ஆனால் 2020இல் பெருந்தொற்று பரவி, பெரிய பெரிய கூடங்களெல்லாம் கதவடைத்து வருமானம் இழந்தபோது, அந்தச் சங்கமே முன்வந்து, விற்ற பணத்தைத் தொகுப்பைப் பேணும் செலவுக்குக் கொள்வோரை இரண்டாண்டுக் காலம் கண்டிக்க மாட்டோம் என்று அறிவித்தது. செல்வர் வீட்டு அடுப்பில் பூனை எட்டிப் பார்த்ததும், விதிக்குக் கூட இரக்கம் பிறந்துவிட்டது. கருப்பினக் கல்லூரியின் அடுப்பில் பூனை பல்லாண்டு உறங்கியதே, அப்போது அந்த இரக்கம் எங்கே போயிருந்தது?

நீதிமன்றத்தின் போக்கையும் காணுங்கள். 2010இல் பங்கு விற்பனைக்கு இசைவு தந்த நீதிபதி, வரும் மூன்று கோடியில் இரண்டு கோடியைத் தொகுப்பைப் பேணும் நிதியாக ஒதுக்கிவிட வேண்டும் என்றார். பசி என்று வந்தவனிடம், சோற்றில் மூன்றில் இரு பங்கைத் தட்டைத் துலக்கவே வைத்துக்கொள் என்பது போல! 2011இல் மேல்முறையீட்டு மன்றம் அந்த நிபந்தனையை நீக்கியது. 2012இல் மாநில உச்ச நீதிமன்றம் தலையிட மறுக்கவே, விற்பனை நிறைவேறியது. ஏழாண்டு வழக்கில் சட்டம் கொடுத்தவரின் சொல்லைச் சுற்றிச் சுற்றி ஆராய்ந்தது; தவறு என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தச் சொல்லைக் காப்பாற்ற வேண்டும் என்று வற்புறுத்திய அரசுக்கு, காப்பாற்றும் கையில் வலுவிருக்கிறதா என்று பார்க்கும் கடமையும் உண்டல்லவா?

பிஸ்கின் வரலாற்றிலேயே இதற்கு ஒரு முன் நிகழ்ச்சி உண்டு. 1871இல், நிறுவி ஆறாண்டுகூட முழுமையாக ஆகாத நிலையில், கல்லூரி மூடப்படும் நிலைக்கு வந்தது. அன்று ஒன்பது மாணவ மாணவியர் பாடப் புறப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். தாயும் தந்தையும் பருத்திக் காட்டில் முணுமுணுத்த துயரப் பாடல்களை அவர்கள் ஊர் ஊராகப் பாடினர். கடல் கடந்து சென்று 1873இல் விக்டோரியா அரசியின் முன்னும் பாடினர். அந்தப் பணத்தில் எழுந்தது ஜூபிலி மண்டபம். அவர்களும் மரபுச் செல்வத்தைக் கொடுத்துத்தான் கல்லூரியைக் காத்தார்கள். வேறுபாடு ஒன்றே: பாடலைக் கேட்டவர் பணம் கொடுத்தார், பாடல் பாடியவரிடமே இருந்தது. ஓவியம் அப்படியன்று. வண்டியில் ஏற்றிவிட்டால், சுவரில் எஞ்சுவது ஆணி.

ஒப்பந்தப்படி அந்த 101 படைப்புகளும் இரண்டாண்டு நாஷ்வில்லில், இரண்டாண்டு பென்டன்வில்லில் என்று முறைவைத்துப் பயணம் செய்கின்றன. அவை ஊரில் இல்லாத காலத்திலும், ஆரன் டக்ளஸ் என்னும் கருப்பின ஓவியர் 1930இல் பிஸ்கின் பழைய நூலகச் சுவர்களில் தீட்டிய ஓவியங்கள் அங்கேயே இருக்கின்றன: ஆப்பிரிக்கக் காட்டிலிருந்து அடிமைக் கப்பலுக்கும், அங்கிருந்து பருத்தி வயலுக்கும், பள்ளிக்கூடத்துக்கும் நடந்து வந்த ஒரு மக்களின் கதை. அவை சுவரோடு சேர்ந்தவை. பெட்டியில் வைத்துக் கட்ட முடியாதவை.