எஃப்12-ஐ அழுத்து!

பட்டனைத் தட்டுகிறாய். திரையில் சக்கரம் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. நாற்காலிக்குப் பின்னால் டீம் லீட் வந்து நிற்கிறார். "என்னப்பா ஆச்சு?" உன் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. "தெரியல சார்... நேத்து நல்லா வேலை செஞ்சுச்சு."

நிறுத்து! 'நமக்கு இந்த வேலை சரிப்படாது' என்று உள்ளே ஒரு குரல் கிளம்புகிறதே, அதற்கு ஒரு சாட்சியாவது உண்டா? சாட்சி திரைக்குப் பின்னால் இருக்கிறது. எஃப்12-ஐ அழுத்து. 'நெட்வொர்க்' டேபைத் திற. பக்கத்தை ரீலோட் செய்!

வரிசைகட்டி இறங்குகின்றனவே, அவை உன் பிரவுசர் சர்வரிடம் கேட்ட கேள்விகள். எந்த முகவரிக்குப் போனது, என்ன பதில் வந்தது, எத்தனை மில்லி விநாடி ஆனது என எல்லாம் அங்கே பதிவாகியிருக்கிறது. இதற்கு மேதையாக இருக்க வேண்டியதில்லை. பொறுமையாகப் படித்தால் போதும்.

சிவப்பாக ஒரு வரி தெரிகிறதா? அதையே சொடுக்கு! 404 என்றால் கேட்ட முகவரியில் அப்படி எதுவும் இல்லை. 401 என்றால் நீ யாரென்று சர்வருக்குத் தெரியவில்லை. 403 என்றால் உனக்கு அனுமதி இல்லை. 500 வந்தால் சர்வர் பக்கம் தடுமாறுகிறது. நீ அனுப்பியதை 'பேலோட்' பகுதியிலும், அது சொன்னதை 'ரெஸ்பான்ஸ்' பகுதியிலும் படி. தவறு உன்னுடையதா? திருத்து. இல்லையா? அடுத்தவர் பழியை ஏன் தலையில் சுமக்கிறாய்?

ஒன்றை மனதில் வை. இந்தக் கருவி, திறந்திருக்கும்போது நடப்பதை மட்டுமே பதியும். அதற்கு முன் போனது போனதுதான். ஆகவே முதலில் திற. பிறகு அதே தவறை மறுபடி நடக்கவிடு. லாகின் ஆனதும் பக்கம் தாவினால் பழைய பதிவு அழிந்துவிடும். 'பிரிசர்வ் லாக்' கட்டத்தில் டிக் அடி. விழுந்த தடம் அழியாமல் இருந்தால்தான் எங்கே வழுக்கியது என்று தெரியும்!

2006-ல் ஜோ ஹெவிட் என்ற புரோகிராமர் ஃபயர்ஃபாக்ஸுக்காக ஃபயர்பக் என்ற பிழைதேடும் கருவியை வெளியிட்டார். அதற்கு முன் அனுபவசாலிகள்கூடப் பெரும்பாலும் அலர்ட் பெட்டிகளைப் போட்டுத் தடவித் தடவித் தேடினார்கள். இன்று குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் எல்லாவற்றிலும் இந்தக் கருவி இலவசமாகவே இருக்கிறது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவாயா?

அப்படியும் பிடிபடவில்லையா? கேள்! பதிவை 'ஹார்' (HAR) கோப்பாகச் சேமித்து சீனியரிடம் காட்டு. ஆனால் கண்டவருக்கும் அனுப்பாதே. அதில் குக்கீயும் லாகின் டோக்கனும் இருக்கலாம். 2023-ல் லாகின் சேவை நிறுவனமான ஒக்டாவின் வாடிக்கையாளர் உதவி அமைப்புக்குள் புகுந்தவர்கள், அங்கிருந்த ஹார் கோப்புகளின் டோக்கன்களை வைத்தே சில வாடிக்கையாளர்களின் கணக்குகளில் நுழையப் பார்த்தார்கள். துணிச்சல் வேறு, அசட்டுத்தனம் வேறு.

இதோ, டீம் லீட் மறுபடி வருகிறார். "என்னப்பா ஆச்சு?"

"ஆர்டர் ரிக்வெஸ்ட்டுக்கு 400 வருது சார். தேதியை நாம தப்பான வடிவத்துல அனுப்புறோம். தப்பு என்னுதுதான். இப்பவே சரிபண்றேன்."

கவனித்தாயா? தவறை ஒப்புக்கொள்ளும்போதுகூட உன் குரல் நடுங்கவில்லை!