கேட்காமல் பகிரப்படும் புத்தகம்

தமிழில் ஒரு புதிய நாவல் வெளிவந்து நாலு பேர் பேசத் தொடங்கியதுமே அதன் பிடிஎஃப் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்ற ஆரம்பித்துவிடுகிறது. அனுப்புகிறவர் காசு வாங்குவதில்லை. பெரும்பாலும் புத்தகத்தின் மேலுள்ள பிரியத்தால்தான் அனுப்புகிறார். அதனாலேயே திருட்டு என்ற சொல்லைக் கேட்டதும் அவருக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபம் நியாயமா என்பதைத் தமிழ்ப் புத்தகத்தின் கணக்கை வைத்துத்தான் பார்க்க வேண்டும். முதற்பதிப்பு ஆயிரம் பிரதி என்ற காலம் போய், இன்று பல நூல்கள் சில நூறு பிரதிகளே அச்சாகின்றன. பத்து சதவீத ராயல்டி என்று வைத்துக்கொண்டால், 300 ரூபாய் புத்தகத்தில் எழுத்தாளருக்குக் கிடைப்பது 30 ரூபாய். 500 பிரதியும் விற்றுத் தீர்ந்தால் 15,000 ரூபாய். ஆண்டுக்கணக்கான உழைப்புக்கு வரும் தொகை அவ்வளவுதான். ஒரு டெலிகிராம் குழுவிலோ இரண்டு லட்சம் பேர் வரை இருக்கலாம்.

நகல் எடுப்பதால் மூலம் குறைந்துவிடுவதில்லையே, பிறகு எப்படித் திருட்டாகும் என்று கேட்கிறார்கள். குறைவதில்லை என்பது உண்மை. ஆனால் எழுதியவர் தன் உழைப்பை என்ன விலைக்கு, யாருக்கு, எந்த வடிவில் கொடுப்பது என்று தீர்மானிக்கும் இடத்தில் அவருக்குத் தெரியாமலே வேறொருவர் உட்கார்ந்துவிடுகிறார். தவறு அங்கே இருக்கிறது. ‘நான் எப்படியும் வாங்கியிருக்க மாட்டேன்’ என்பது இன்னொரு சமாதானம். தன்னைப் பற்றி ஒருவர் இப்படிச் சொல்லலாம். தான் அனுப்பும் குழுவில் உள்ள ஆயிரம் பேர் சார்பில் சொல்ல முடியாது. லட்சக்கணக்கில் விற்கும் ஆங்கில நாவலுக்கு ஐம்பது வாசகர் குறைவது ஒரு பொருட்டே இல்லை. ஐநூறு பிரதியை நம்பும் நூலுக்கு அந்த ஐம்பது பேர்தான் இரண்டாம் பதிப்பு.

வாங்க வசதியில்லாதவர் படிக்கவே கூடாதா என்ற கேள்வி இவற்றைவிடக் கனமானது. கட்டாயம் படிக்க வேண்டும். அதற்காகத்தான் 1948-இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் இயற்றியது. வீட்டுவரியோடு வசூலாகும் நூலக வரியிலிருந்து புத்தகம் வாங்கப்படுகிறது. ஒரே பிரதியைப் பலர் காசில்லாமல் படிக்கிறார்கள். பாரதியின் படைப்புகளை 1949-இல் அரசு ஏற்று, பின்னர் பொதுவாக்கியது. கல்கியின் நூல்கள் 1999-இல் நாட்டுடைமையாயின. அதனால் ‘பொன்னியின் செல்வன்’ கோப்பை யாரும் யாருக்கும் அனுப்பலாம். இப்படி நாட்டுடைமையாக்கும்போது வாரிசுகளுக்கு அரசு பரிவுத்தொகை கொடுக்கிறது. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன்னார்வலர்களின் உழைப்பில் பழைய நூல்களை மின்னூலாக்கி வருகிறது. தமிழில் இலவச வாசிப்புக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒவ்வொன்றிலும் யாரோ பணம் கொடுத்திருக்கிறார்கள், அல்லது உரியவர் மனமுவந்து சம்மதித்திருக்கிறார், அல்லது உரிமைக்காலம் முடிந்திருக்கிறது. பிடிஎஃப் குழுக்கள் இந்த மூன்றையும் பார்ப்பதில்லை. கல்கியும் சென்ற மாதம் வெளியான முதல் கவிதைத் தொகுப்பும் ஒரே பட்டியலில் வருகின்றன.

உண்மையிலேயே சங்கடம் தருவது அச்சில் இல்லாத நூல்தான். பதிப்புரிமை எழுத்தாளரின் ஆயுளுக்குப் பின் 60 ஆண்டுகள் என்கிறது இந்தியச் சட்டம். 1980-இல் மறைந்தவரின் புத்தகம் 2040 முடியும்வரை பூட்டியிருக்கும். பதிப்பகம் மூடிவிட்டது, வாரிசு எங்கே என்று தெரியவில்லை, எஞ்சியிருக்கும் பிரதியைக் கரையான் அரிக்கிறது என்றால், அதை ஸ்கேன் செய்து பரப்புகிறவரைக் குற்றவாளி என்று சொல்ல மனம் ஒப்பவில்லை. 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் பிரதியில்லாத நூல்களும் சுவடிகளும் ஒரே இரவில் போயின. பல இடங்களில் நகல் இருப்பதன் அருமையைத் தமிழர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. சட்டம் இங்கே மாற வேண்டும். உரிமையாளரைத் தேடியும் கிடைக்காத நூல்களுக்கு எளிதான ஒரு வழி வேண்டும். என்றாலும் இந்த நியாயம் அழியும் நூலுக்கு மட்டுமே உரியது. ‘தமிழை வாழவைக்கிறோம்’ என்று சொல்லி, கடையில் கிடைக்கும் நூலைப் பரப்புகிறவர் இதன் நிழலில் ஒதுங்க முடியாது. மறுபதிப்பு வந்துவிட்டால் பழைய நூலுக்கும் இது பொருந்தாது.

குழு நடத்துகிறவர்கள் பெரும்பாலும் நல்ல வாசகர்கள். அச்சில் கிடைக்கும் நூல்களின் கோப்புகளை அவர்கள் இன்றே நீக்கிவிட்டு, அந்த இடத்தில் புத்தகத்தின் பெயரையும் பதிப்பகத்தின் தொலைபேசி எண்ணையும் போடட்டும்.