ரத்தத்தில் என்ன எழுதியிருக்கிறது?

நம்ம பினாங்கில் கல்யாணப் பேச்சு எடுத்தால் மூன்றாவது கேள்விக்குள் "நீங்க என்ன ஆளுங்க?" வந்துவிடும். கேட்கக் கூச்சப்படுகிறவர்கள், "ஊர்ல எந்தப் பக்கம்?" என்று சுற்றி வளைப்பார்கள். காரணம் கேட்டால், "ரத்தம் கலக்கக் கூடாதுப்பா" என்பார்கள். சரி, அந்த ரத்தத்தையே கேட்டுப் பார்ப்போமே.

நம் செல்களில் 46 குரோமோசோம்கள். 23 அம்மா கொடுத்தவை, 23 அப்பா கொடுத்தவை. அவற்றுக்குள் சுருண்டிருப்பதுதான் டிஎன்ஏ. நான்கே எழுத்துகள்தான், ஆனால் ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் வருவது சுமார் 300 கோடி எழுத்து. அந்த வரிசையைப் படித்துத்தான் செல் தனக்கு வேண்டிய புரதங்களைச் செய்துகொள்கிறது. எந்த இரண்டு மனிதரை எடுத்தாலும் ஆயிரத்துக்கு 999 எழுத்து ஒன்றேதான். மீதியிலும் ஜாதிக்கென்று தனி எழுத்து கிடையாது.

ஆனால் ஜாதிக்குள்ளேயே பெண் எடுத்துப் பெண் கொடுத்த பழக்கம் டிஎன்ஏவில் தடம் விட்டிருக்கிறது. ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வுக்கூடமும் ஹார்வர்டும் சேர்ந்து 2013-இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை இந்தியாவில் ஏறக்குறைய எல்லாக் கூட்டமும் கலந்திருக்கிறது. கதவைச் சாத்தியது அதற்குப் பிறகுதான். கலக்கக் கூடாது என்று காப்பாற்றுகிற ரத்தமே கலந்த ரத்தம்!

சாத்திய கதவுக்குள் என்ன ஆகிறது? பழுதான மரபணு ஒன்று இருந்தாலும், இன்னொரு பிரதி நன்றாக இருந்தால் பல நோய்கள் வெளியே தெரியாது. சின்ன வட்டத்துக்குள் தலைமுறை தலைமுறையாக மணந்தால், பழுதும் பழுதும் சந்திக்க வாய்ப்பு கூடும். இந்தியாவின் வைசிய சமூகத்தில், சில மயக்க மருந்துகளைத் தாங்க முடியாத ஒரு பரம்பரைக் குறை மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம்.

நம் நாட்டில் பக்கத்திலேயே இருப்பது தலசீமியா. ஜாதி விட்டு மணந்தால் தப்பிக்கலாம் என்றும் நினைக்காதீர்கள். மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லாரிடமும் உண்டு. ஒரு பிரதி மட்டும் பழுதானவர் 'கேரியர்'. அவர் நோயாளி அல்ல. இரண்டு கேரியர் மணந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து. கடுமையான வகை என்றால் பிள்ளைக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம் ஏற்ற வேண்டும், ஆயுசு முழுக்க.

2016-இல் சுகாதார அமைச்சு படிவம் நான்கு மாணவர்களுக்கு இந்தச் சோதனையைத் தொடங்கியது. என் அக்காவுக்கு 'கேரியர்' என்று வந்தது. "வெளியே சொல்லாதே, வரன் வராது" என்றார் அம்மா. பெரியம்மா, "போன ஜென்மத்துப் பாவம்" என்றே முடித்துவிட்டார். அம்மாவின் பயம் புரிகிறது. பெரியம்மா சொன்னதைத்தான் ஏற்க முடியவில்லை. உயர்ந்த பிறப்பு என்று பெருமைப்படுகிறவர் அதற்காக எதுவும் செய்யவில்லை. இந்த மரபணுவுக்கு வெட்கப்பட அக்காவும் எதுவும் செய்யவில்லை. கர்மா என்றால் செயல்தானே? தெரிந்த பிறகு சொல்கிறோமா மறைக்கிறோமா, அங்கேதான் நம் செயல் தொடங்குகிறது. பத்துப் பொருத்தமும் பார்த்துவிட்டு இதை மறைப்பது, பிறக்கப்போகும் பிள்ளையின் தலையில் கடன் வைப்பது.

நிச்சயம் முடியட்டும், அப்புறம் சொல்லலாம் என்றார் மாமா. அக்கா கேட்கவில்லை, முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுகிறாள். இரண்டு வீட்டார் அப்புறம் போன் எடுக்கவில்லை. மூன்றாவது வந்தவர், "அப்போ நானும் டெஸ்ட் எடுக்கணும், இல்லையா?" என்று கேட்டார். போன வாரம் அரசாங்கக் கிளினிக்கில் ரத்தம் கொடுத்திருக்கிறார். ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கிறோம்.