இன்யா ஏரிக்கரை வீடு

விடியலுக்கு முன். விளக்கு போடவில்லை. மூச்சு மேலுதட்டைத் தொட்டுப் போகிறது.

ஒரு முகம் எழுகிறது. கூந்தலில் பூ. ஆங் சான் சூச்சி.

அவரை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும். நெடுநாள் ஆசை. வருகிறது. சற்று உட்காருகிறது. எழுந்து போகிறது.

*

ரங்கூன். யூனிவர்சிட்டி அவென்யூ, எண் 54. பின்னால் இன்யா ஏரி.

1989 ஜூலையில் ராணுவம் அவரை அந்த வீட்டில் அடைக்கிறது. அடுத்த 21 ஆண்டுகளில் ஏறக்குறைய 15 ஆண்டுகள் அதற்குள்ளேயே கழிகின்றன.

அங்கே அவர் காலை 4.30 மணிக்கு எழுகிறார். ஒரு மணி நேரம் விபாசனா. ஆசான் பக்கத்தில் இல்லை. ஊ பண்டிதாவின் நூல் இருக்கிறது.

இந்த இருட்டும் அந்த இருட்டும் ஒன்று என்று தோன்றுகிறது. தோன்றட்டும்.

*

1995. கதவு திறக்கிறது.

சனி, ஞாயிறு மாலைகளில் மக்கள் தெருவில் வந்து உட்காருகிறார்கள். கதவுக்கு உள்பக்கம் ஒரு மேசை. அதன்மேல் ஏறி நிற்கிறார். வெளியே தலையும் தோளும் தெரிகின்றன. பேசுகிறார். தெருவே சிரிக்கிறது.

அந்தச் சிரிப்பில் மனம் நின்றுவிடுகிறது. உளவுத்துறையினர் முகங்களைப் படம் பிடிக்கிறார்கள். அது தெரிந்தும் உட்கார்ந்திருக்கிறார்கள். தெரிந்தும் சிரிக்கிறார்கள்.

கடைசி வரிசையில் எனக்கும் ஓர் இடம். மனம் போட்டு வைக்கிறது.

*

1999 மார்ச். ஆக்ஸ்ஃபோர்டு. கணவர் மைக்கேல் ஏரிஸ் புற்றுநோயில் இறக்கிறார். பர்மாவுக்கு வர அவருக்கு விசா கிடைக்கவில்லை. சூச்சி ஆக்ஸ்ஃபோர்டு போனால் திரும்பி வர விடமாட்டார்கள். போகவில்லை.

நெஞ்சில் கனம். கனம், அவ்வளவே.

*

2007 செப்டம்பர். மழை. காவி உடுத்த பிக்குகள் அந்தத் தெருவில் ஓதியபடி வருகிறார்கள். கதவருகே அவர் கைகூப்பி நிற்கிறார். கண்கள் நிறைந்திருக்கின்றன. சில நிமிடங்கள்.

சந்திப்பு என்றால் இவ்வளவு போதும்.

*

2017. 7 லட்சத்துக்கும் மேலான ரோஹிஞ்சாக்கள் வங்கதேசத்துக்கு ஓடுகிறார்கள். நாஃப் ஆறு. முழங்கால் வரை சேறு. தோளில் குழந்தைகள்.

அப்போது அவர் ஆட்சியில் இருக்கிறார்.

2019 டிசம்பர். தி ஹேக், சர்வதேச நீதிமன்றம். இனப்படுகொலைக் குற்றச்சாட்டை மறுத்து, தன் நாட்டுக்காக அவரே பேசுகிறார். கூந்தலில் பூ.

வயிற்றில் ஏதோ இறுகுகிறது.

அந்த முகத்தை விலக்கத் தோன்றுகிறது. விலக்கவில்லை. ஆற்றையும் விலக்கவில்லை. மேசைமேல் நிற்பவர் இருக்கிறார். சேற்றில் நடப்பவர்களும் இருக்கிறார்கள்.

கழுத்து வலிக்கிறது. நிமிர்கிறேன்.

*

ஆசை போய்விட்டதா என்று பார்க்கிறேன். இருக்கிறது.

முன்பு கைகூப்பினால் போதும் என்றிருந்தது. இப்போது கேட்க ஒன்று இருக்கிறது. ஹேக்கில் பேசிய அன்று காலையிலும் அவர் கண்மூடி உட்கார்ந்தாரா. உட்கார்ந்திருந்தால், ஆற்றைக் கடந்தவர்கள் வந்தார்களா.

பதில் எதுவாக இருந்தாலும் கேட்டுக்கொண்டு அங்கேயே இருக்க வேண்டும். எழுந்து வந்துவிடக் கூடாது.

*

2021 பிப்ரவரி 1. மீண்டும் ராணுவம். நேபிடோவில் கைதாகிறார். தண்டனைகள் மொத்தம் 33 ஆண்டுகளாகின்றன. பிறகு 27 ஆகக் குறைகின்றன. அவர் 1945இல் பிறந்தவர்.

கணக்குப் போட மனம் கிளம்புகிறது. கிளம்புவது தெரிந்ததும் நிற்கிறது.

2024 மார்ச்சில் ஏரிக்கரை வீட்டை ஏலம் விடுகிறார்கள். தொடக்க விலை 31,500 கோடி கியாட். கேட்க ஒருவரும் வரவில்லை.

அதில் ஒரு சிறு நிம்மதி. ஏன் என்று தெரியவில்லை.

*

வெளியே முதல் பேருந்து போகிறது.

இளைய மகன் கிம் ஏரிஸ் அம்மாவைப் பற்றி உலகத்திடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அம்மாவைப் பார்க்க வேண்டும் அவருக்கு. ஆற்றைக் கடந்து காக்ஸ் பஜார் முகாம்களில் இருப்பவர்களுக்கும் சூச்சியிடம் கேட்க இருக்கும். வேறு கேள்விகள்.

அவர்கள் முதலில் கேட்கட்டும்.