போதும் என்று சொல்வது யார்?

'போதும்' என்று சொல்லத் தெரிந்தவனை நம் பெரியவர்கள் ஞானி என்றார்கள். இலையில் சோறு விழும்போதும் கையில் பணம் விழும்போதும் அதைச் சொல்கிறவன் ஞானிதான், சந்தேகமில்லை. அதே சொல்லை ஒருவன் வேலையின் நடுவில் சொன்னால்?

திருநீர்மலை தண்ணீரால் பெயர் பெற்ற ஊர். மலையைச் சுற்றி வெள்ளம் சூழ்ந்திருந்ததால் திருமங்கையாழ்வார் ஆறு மாதம் காத்திருந்து பெருமாளைச் சேவித்தார் என்று ஸ்தல புராணம் சொல்லும். 2015 டிசம்பர் வெள்ளம் யாருக்கும் அவ்வளவு அவகாசம் கொடுக்கவில்லை. 2-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளுக்குள் புகுந்தது. மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். கடலில் போக வேண்டிய படகு தார் ரோட்டில் சவாரி செய்தது.

அப்படிப் படகு சுமந்த சிறிய லாரி ஒன்று மறுமாதம் திருநீர்மலையில் ஒரு பட்டறையில் நின்றதைப் பார்த்தேன். சக்கரம் முழுகக் கிடந்ததில் பிரேக் குழாய்கள் துருவேறி ஒழுகத் தொடங்கியிருந்தன. புதிய குழாய்கள் மாட்டியாகிவிட்டது. உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றுவதுதான் பாக்கி.

இந்தக் காற்று விஷயத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அடைத்து வைத்த திரவத்தில் ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் போய்ச் சேரும். 17-ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டு சொன்னது. (கடவுளைப் பற்றியும் நிறைய யோசித்த மனிதர்.) காற்றோ அமுக்கினால் சுருங்கிக்கொள்ளும். குழாயில் குமிழி தங்கிவிட்டால் டிரைவரின் கால்பலம் அதை நசுக்குவதிலேயே செலவாகிவிடும். போதாக்குறைக்கு, பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் சுபாவமுள்ளது. புதிய டாட் 3 ஆயில் 205 டிகிரி வரையாவது கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. நூற்றுக்கு 3.7 பங்கு தண்ணீர் கலந்துவிட்டால் 140 டிகிரி போதும் என்று அதே விதி இறங்கி வந்துவிடுகிறது. கொதித்தால் ஆவி, ஆவியும் காற்றின் பங்காளிதான்.

மெக்கானிக் லாரிக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். பையன் மேலே, பெடலில்.

"மிதி!"

"மிதிச்சிட்டேன் அண்ணே!"

"விடாதே!"

நிப்பிளைத் திறந்ததும் ஆயிலும் குமிழிகளும் பிளாஸ்டிக் குழாய் வழியே பாட்டிலில் இறங்கும். அதை மூடிய பிறகுதான் "விடு!" பையன் முந்திக்கொண்டு காலை எடுத்தால் வெளிக்காற்று உள்ளே போய்விடும். தூரத்துச் சக்கரத்தில் தொடங்கி மூன்று முடிந்து, நான்காவது நடந்துகொண்டிருந்தது. லாரிக்காரர் ஏறிப் பெடலை மிதித்துப் பார்த்தார்.

"கல்லு மாதிரி இருக்கு. போதும்ப்பா, லோடு காத்துக்கிட்டிருக்கு."

"உங்களுக்குப் போதும் சார். இங்கே இன்னும் குமிழி வருது" என்று அடியிலிருந்து குரல் வந்தது. அதன் பிறகு ஏழெட்டுத் தடவை "மிதி".

போதும் என்று சொல்லும் உரிமை இதில் யாருக்கு? பணம் கொடுப்பவருக்கு அவசரம். செய்பவருக்கு அலுப்பு. விளைவை அனுபவிக்கப்போகிற ஆசாமி அங்கே இல்லவே இல்லை. திருநீர்மலை ரோட்டில் பையைச் சுமந்துகொண்டு குறுக்கே போகும் பள்ளிக்கூடப் பெண்ணாக இருக்கலாம். அவளை யாரும் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது. அந்த மனிதர் அவளுக்காக இரண்டாவது முறை யோசித்தார் என்றுகூட நான் சொல்லமாட்டேன். குமிழி வந்தது, அவர் நிறுத்தவில்லை.

அப்படியானால் என்றைக்குமே போதும் என்று சொல்லக்கூடாதா? அதுவும் ஒரு வியாதிதான். டிசம்பரில் படகேற்றிய லாரிகளை நிறுத்திவைத்து யாராவது பிரேக்கைச் சோதித்துக்கொண்டிருந்தால், மொட்டை மாடியில் கைக்குழந்தையோடு நின்றவர்கள் இன்னொரு ராத்திரி நனைந்திருப்பார்கள். அன்றைக்கு இருந்த பிரேக் போதும். சொன்னவர்கள் அந்த மாடியில் நின்றவர்கள். ரோட்டில் போகிறவனின் உயிருக்கு அவர்கள் எப்படி அனுமதி தரலாம் என்று தர்க்கம் பேசலாம். எனக்கு அந்தத் தர்க்கத்தில் ருசியில்லை. ஜனவரியில் அந்த லாரிக்காகக் காத்திருந்ததோ செங்கல். மறுநாள் காலை வரைகூட அது காத்திருந்திருக்கும்.