பெயர்த்து நடுவோர் கடன்

செடி ஒன்றை ஓரிடத்திலிருந்து பெயர்த்து மற்றோரிடத்தில் நடுவதற்கு நமக்கு உரிமை உண்டா என்று எவரும் கேட்பதில்லை. கேட்டால் நகைப்பர். செடி வாய் திறந்து மறுப்பதில்லை. நட்டபின் தழைத்துவிட்டால் நம் கைராசி என்கிறோம். பட்டுப்போனால் செடி சரியில்லை என்கிறோம். இவ்வழக்கம் தோட்டத்தோடு நின்றுவிடுமானால் அதைப்பற்றி எழுத ஏதுமில்லை. மனிதரையும் நாம் இவ்வாறே பெயர்த்து நடுகிறோம். அவர்கள் வாடும்போதும் இதே தீர்ப்பைத்தான் வழங்குகிறோம்.

பெயர்த்து நடுவதற்கு மிக எளிய செடியிலிருந்தே தொடங்குவோம். பத்துமணிப்பூவை அறியாதார் இலர். டேபிள் ரோஸ் என்றும் அதனைச் சொல்வர். காரைக்குடியை அடுத்த அமராவதிபுதூரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வாசலோரத்திலும் கிணற்றடிச் சுவரின் மேலும் உடைந்த மண்தொட்டியிலும் அது தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்கும். வெயில் ஏற ஏற இதழ் விரியும், பிற்பகலில் கூம்பிவிடும். மேகம் மூடிய நாளில் விரியலாமா வேண்டாமா என்று தயங்கி நிற்கும். ஒரு பூவுக்கு ஒரு பகலே வாழ்நாள். மறுநாள் வேறொரு பூ அவ்விடத்தில் இருக்கும் என்பதால், நேற்றைய பூ போனதை யாரும் கவனிப்பதில்லை.

செட்டிநாட்டுச் செம்மண்ணைப் பற்றி அவ்வூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேலே செம்மண், கீழே செம்பராங்கல். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழை கண்மாயிலும் ஊருணியிலும் நின்றால் உண்டு, நில்லாவிட்டால் இல்லை. ரோஜாவை அங்கே வளர்ப்பது தவம். பத்துமணிப்பூவோ அந்த மண்ணையும் வெயிலையும் கேட்டுப் பெற்றது போலச் செழிக்கிறது. ஆயினும் அது நம் நாட்டுச் செடியன்று. அர்ஜென்டினா, உருகுவே, தென் பிரேசில் ஆகிய பகுதிகளே அதன் தாயகம். 1829ஆம் ஆண்டு ஹூக்கர் என்னும் ஆங்கிலேயத் தாவரவியலார் அதற்கு அறிவியற் பெயர் சூட்டினார். நாம் கடைந்து உண்ணும் பருப்புக்கீரை இதற்கு நெருங்கிய உறவு. உலகின் மறுகோடியிலிருந்து வந்த செடி நம் வாசலில் குடியேறி, பிறந்த இடமே இதுதான் என்பது போல் நிற்கிறது.

அதனை நடும் முறையும் எளிது. நான்கு விரல் நீளத்தில் நுனியைக் கிள்ளி, நீர் தேங்காத மணற்பாங்கான மண்ணில் ஊன்றினால் போதும். ஓரிரு வாரத்தில் வேர் பிடித்துவிடும். அளவுக்கு மீறிய பரிவுதான் அதற்குப் பகை. நாள்தோறும் நீரை ஊற்றினால் தண்டு அழுகும். தண்டிலும் இலையிலும் நீரைச் சேமித்து வைத்திருப்பதாலும், கணுக்களிலிருந்து புதுவேர் விடும் இயல்பாலும், வேரின்றியே சில நாள் அது தாங்கும். தாய்ச்செடிக்கும் இழப்பில்லை, கிள்ளிய இடத்தில் இரண்டு கிளை வெடிக்கும்.

எல்லாச் செடியும் இப்படியன்று. பல்லாண்டு ஓரிடத்தில் நின்ற மல்லிகைக் கொடியைத் தோண்டி எடுத்துப் பாருங்கள். தடித்த வேர்களை நாம் பத்திரமாகவே எடுத்திருப்போம். ஆனால் நீரை உறிஞ்சுபவை அந்தத் தடித்த வேர்களல்ல. அவற்றின் நுனியில் மயிரினும் நுண்ணியவாய் மண்ணோடு மண்ணாகப் பின்னிக் கிடக்கும் வேர்த்தூவிகளே. அவை நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. மண்வெட்டி படும்போது முதலில் அறுபடுபவையும் அவையே. வேர் நீரை ஏற்ற இயலாத நிலையிலும் இலைகள் வழக்கம்போல் நீரை ஆவியாக்கிக்கொண்டிருக்கும். ஆதலால் செடி வாடுகிறது. இதனை அறிந்த தோட்டக்காரர் மாலையில் பெயர்ப்பார்; தாய்மண்ணைக் கட்டியாகச் சேர்த்தெடுப்பார்; இலையைக் கழிப்பார்; சில நாள் நிழலில் வைப்பார். பெரிய மரமாயின் ஒருபுற வேரை முதலில் அறுத்து, அங்குப் புதுவேர் விடும்வரை பொறுத்திருந்து, பிறகே மறுபுறத்தை அறுப்பார். அப்போதும் பிழைக்கும் என்று உறுதி கூற மாட்டார்.

பத்துமணிப்பூவை மட்டுமே நட்டுப் பழகிய ஒருவர், மல்லிகையும் மரமும் அதைப்போலவே என்று எண்ணினால் என்ன ஆகும்? நம் குடும்பங்கள் பலவற்றில் இன்று நிகழ்வது அதுதான் என்று நமக்குத் தோன்றுகிறது.

பெயர்தல் தீமை என்று நாம் சொல்லவில்லை. செட்டிநாட்டில் நின்றுகொண்டு அப்படிச் சொன்னால் சுவர்களே நகைக்கும். அங்குள்ள மாளிகைகளின் தூண்களே பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த தேக்கு. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் போனவர் பொருளால்தான் அந்த முகப்புகளும் பட்டாலைகளும் எழுந்தன. போனவர்கள் மனமுவந்து திரும்பியதும் உண்டு. துரத்தப்பட்டுத் திரும்பியதும் உண்டு. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது கால்நடையாகக் காடும் மலையும் கடந்தவர் எத்தனையோ பேர். 1962இல் அங்கு இராணுவ ஆட்சி வந்தபின் கடையும் நிலமும் இழந்து வந்தோர் வேறு. காரைக்குடியில் பர்மாக் காலனி என்றே ஒரு பகுதி உண்டு. பெயர்ந்து பெயர்ந்து பிழைத்த நிலம் அது. அங்குப் பிறந்த இளைஞர் சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ செல்வதைக் குறை கூற எவருக்கும் வாயில்லை.

நம் வினா பெற்றோரைப் பற்றியது. அமராவதிபுதூர்ப் பக்கத்தில் நாம் நன்கறிந்த வீடொன்று உண்டு. எழுபதைக் கடந்த தாய் தனியே இருக்கிறார். மகன் சென்னையில். ஒரு பாஸ்கா விடுமுறை முடிந்து அவர் புறப்படும்போது, மனைவியின் விருப்பத்துக்காக வாசலிலிருந்த பத்துமணிச்செடியை வேரோடு எடுக்கக் குனிந்தார். அப்போது, “நீயும் வந்துடேன் ஆத்தா, இங்க ஒத்தையில என்ன செய்யப் போற?” என்றார், நூறாவது முறையாக. தாய் செடியைப் பார்த்தபடியே சொன்னார்: “பூவெல்லாம் நுனியிலதானய்யா இருக்கு. நுனியைக் கிள்ளிக்கிட்டுப் போ. அடிவேரை ஏன் அசைக்கிற?”

அந்த மகன் கல்நெஞ்சரல்லர். மருத்துவமனை அருகிலிருக்கும் அடுக்ககம், தனி அறை, மின்தூக்கி, பேரப்பிள்ளைகள் என்று அவர் தருவதாகச் சொல்வன யாவும் மெய்யானவை. ஆயினும் அவர் தம்மைக் கொண்டு தாயை அளக்கிறார். பதினெட்டு வயதில் ஒரு டிரங்குப் பெட்டியோடு விடுதிக்குப் போனவர் அவர். ஒரு மாதம் அழுதார். இரண்டாம் மாதம் நண்பர். மூன்றாம் மாதம் ஊரே மறந்துபோயிற்று. தமக்கு அத்தனை எளிதாயிருந்தது தாய்க்கு மட்டும் ஏன் அரிதாக வேண்டும் என்பது அவர் கேள்வி.

முதியவரின் வேர்த்தூவிகள் எவை? இருட்டில் கையை நீட்டாமலே குடம் இருக்குமிடம் தெரிவது. பங்குக் கோயிலில் எந்தத் தூணருகே உட்கார்ந்தால் முழங்கால் வலிக்காது என்று அறிந்திருப்பது. அன்பியக் கூட்டத்தில் அவர் வராவிட்டால் மறுநாள் காலை யாராவது வாசலில் வந்து நிற்பது. மீன் கொண்டு வருபவர் “என்ன ஆத்தா, முகம் வாடியிருக்கு” என்று விசாரிப்பது. நவம்பர் 2ஆம் நாள் கணவரின் கல்லறையைத் தம் கையாலேயே கழுவி மெழுகுவத்தி ஏற்றுவது. இவற்றில் எதையும் பெட்டியில் கட்டி எடுத்துச் செல்ல இயலாது. எடுத்துச் செல்ல இயலாதவை என்பதாலேயே நம் கணக்கில் அவை இடம்பெறுவதில்லை. நகரத்தில் அவர் பட்டுப்போவதில்லை. உண்கிறார், உறங்குகிறார், மாத்திரை விழுங்குகிறார். பூப்பதில்லை, அவ்வளவுதான். “அம்மாவுக்கு இங்கே என்ன குறை?” என்று வீட்டார் வியக்கிறார்கள், அவர்கள் வியப்பு உண்மையானதே.

இவ்வளவில் நிறுத்தினால் இது இனிமையான கட்டுரையாகிவிடும், ஆனால் நேர்மையானதாகாது. முதுமையின் தனிமையைப் பற்றி நகரத்திலிருந்துகொண்டு கவிதை பேசுவது எளிது. இரவில் கழிப்பறையில் வழுக்கி விழுந்து விடியும்வரை கிடந்த தாயைப் பற்றியும் நாம் அறிவோம். அடுப்பைப் பற்றவைத்ததை மறந்துவிடும் நிலைக்கு வந்துவிட்டவரை, “ஊரை விட்டு வர மாட்டேன் என்கிறார், நாங்கள் என்ன செய்ய?” என்று விட்டுவைப்பது மரியாதை அன்று. அங்கே தாயின் விருப்பம் என்பது பிள்ளையின் வசதிக்கு இடப்பட்ட மறுபெயர். 2007இல் நாடாளுமன்றம் இயற்றிய பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின்படி, பராமரிக்கத் தவறும் பிள்ளைகள் மாதந்தோறும் பணம் தர வேண்டும் என்று தீர்ப்பாயம் ஆணையிடலாம். அது வேண்டிய சட்டமே. ஆனால் பணம் தருகிற பிள்ளை பெயர்க்க வேண்டுமா, விட்டுவைக்க வேண்டுமா என்பதை எந்தத் தீர்ப்பாயமும் சொல்லித் தர முடியாது.

விவிலியத்தில் இதற்கு இருவேறு முதியவர் இருக்கின்றனர். ஒருவர் பர்சில்லாய். அப்சலோமின் கலகத்தின்போது ஊரைவிட்டு வெளியேறிய தாவீதுக்கு உணவளித்துக் காத்த செல்வர். அரசர் வெற்றியோடு திரும்புகையில் எருசலேமுக்கு வந்து தம்மோடு இருக்குமாறு அவரை அழைக்கிறார். பர்சில்லாய்க்கு வயது 80. உணவின் சுவையும் பாடகரின் குரலும் இனித் தமக்கு எட்டா என்று கூறி, தம் பெற்றோரின் கல்லறை இருக்கும் ஊரிலேயே இறக்க விடை கேட்கிறார். தமக்குப் பதிலாக இளைஞன் கிம்காமை அழைத்துப்போகச் சொல்கிறார். நுனியைக் கிள்ளிக்கொண்டு போகச் சொன்ன செட்டிநாட்டுத் தாய் பர்சில்லாயை அறிந்திருப்பாரோ, அறியோம். தாவீது வற்புறுத்தவில்லை என்பது கவனிக்கத்தக்கது. முத்தமிட்டு, ஆசி கூறி அனுப்புகிறார்.

மற்றவர் யாக்கோபு. அவர் பெயர்ந்தார், பஞ்சம் அவரைப் பெயர்த்தது. ஆனால் யோசேப்பு தந்தையைப் பெயர்த்த முறையைப் பாருங்கள். வெறும் சொல்லை அனுப்பவில்லை, வண்டிகளை அனுப்பினார். வண்டிகளைக் கண்ட பிறகுதான் கிழவருக்கு உயிர் வந்தது. அரண்மனைக்குப் பக்கத்தில் ஓர் அறை தந்து அடைக்காமல், மந்தை மேய்க்க ஏற்ற கோசேன் நிலத்தில், சொந்த மக்கள் சூழக் குடியமர்த்தினார். இதைத்தான் தாய்மண்ணோடு பெயர்த்தல் என்கிறோம். இறந்தபின் கானானுக்கு எடுத்துச் சென்று மூதாதையரோடு அடக்கம் செய்வதாக ஆணையிட்டும் கொடுத்தார், கொடுத்தபடி செய்தார். எகிப்துக்கு வரும்போது யாக்கோபுக்கு வயது 130. அங்கே மேலும் 17 ஆண்டுகள் வாழ்ந்தார்.

பர்சில்லாயா, யாக்கோபா என்று ஒவ்வொரு வீடும் தானே கண்டுகொள்ள வேண்டும். பெயர்த்தே ஆக வேண்டுமென்றால் அதற்குரிய கடன்களும் உடன் வருகின்றன. பயணச்சீட்டு எடுத்துவிட்டுச் சம்மதம் கேட்பது கேட்பதாகாது. ஊரிலுள்ள வீட்டை விற்றுவிட்டு அழைத்துச் செல்வது, திரும்பும் வழியை மூடிவிட்டு விருந்துக்கு அழைப்பது போன்றது. அந்த வீட்டின் சாவி அவர் முந்தானையிலேயே இருக்கட்டும். முதலில் ஒரு மாதம், பிறகு ஊர். பின்னர் இரண்டு மாதம், மீண்டும் ஊர் என்று இருபுற வேரையும் ஒரே நாளில் அறுக்காமல் செய்ய இயலும். நகரத்துப் பங்கில் அவரைக் கைபிடித்து அழைத்துச் சென்று பங்குத்தந்தையிடமும் பக்கத்து இருக்கைக்காரரிடமும் பெயர் சொல்லி அறிமுகம் செய்ய எத்தனை பிள்ளைகளுக்குத் தோன்றியிருக்கிறது? வாடியிருக்கும் நாள்களில் அதைக் குற்றமாகக் கொள்ளாதிருப்பது எல்லாவற்றினும் அரிது. புதிதாய் நட்ட செடி வாடினால் நீர் தெளிக்கிறோம்; புதிதாய் நட்ட தாய் வாடினால் நன்றி கெட்டவர் என்கிறோம்.

விட்டுவைப்பதென்றாலும் கடன் குறைவதில்லை, கூடுகிறது. பக்கத்து வீட்டாரிடம் ஒரு சாவி, கழிப்பறையில் பிடிகம்பி, இரவில் துணைக்கு ஒருவர், வாரந்தோறும் ஒரு குரல், ஆண்டுக்கு ஒன்றல்ல, பலமுறை நேரில் ஒரு முகம். இவை இல்லாமல் “அவர் விருப்பம்” என்று பேசக் கூடாது.

எளிதில் பெயர்ந்து தழைத்தவர்களுக்கு யோசேப்பைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லலாம். 17 வயதில் அவரையும் பெயர்த்தார்கள், அதுவும் விலைக்கு விற்று. எந்த மண்ணிலும் வேர்விடும் செடி போல அவர் எகிப்தில் தழைத்தார். அந்நாட்டு மொழி பேசி, அந்நாட்டுப் பெண்ணை மணந்து, அந்நாட்டையே ஆண்டார். கானானை அவர் மறந்துவிட்டார் என்றே எவரும் எண்ணியிருப்பர். 110 வயதில் இறக்கும் தறுவாயில் அவர் தம் இனத்தாரிடம் கேட்டது, இங்கிருந்து போகும்போது தம் எலும்புகளையும் எடுத்துச் செல்லவேண்டும் என்பதே. பல தலைமுறைகளுக்குப் பின், புளிக்காத மாவைத் தோளில் சுமந்து மக்கள் விரைந்து வெளியேறிய அந்த இரவிலும், மோசே மறவாமல் அந்த எலும்புகளை எடுத்துக்கொண்டார். அவை செக்கேமில் அடக்கம் செய்யப்பட்டன.